மலையை மறைக்கும் மாடிகள்: அயலவர் பிணக்கும் உள்ளூராட்சி விதிகளும்

பதுளை நகரிலும் ஹாலிஎல, பசறை, பண்டாரவளை, வெலிமடை, ஹப்புத்தளை முதலான சிறு நகரங்களிலும் கடந்த இரு தசாப்தங்களாகக் கட்டடங்கள் மேல்நோக்கி வளர்ந்து வருகின்றன. சமதரை அரிதான மலைநாட்டில் இது எதிர்பார்க்கக்கூடியதே. பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்குக் காணி இல்லாத பெற்றோர், இருக்கின்ற வீட்டின் மேலேயே தட்டுப் போடுகின்றனர். வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியவர் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டுகின்றார். சுற்றுலாப் பயணிகளை எதிர்பார்த்து அறைகள் கட்டுவோரும் உளர். இதன் விளைவாக, நேற்றுவரை நமுனுகலை மலையைப் பார்த்தபடி இருந்த ஒரு வீட்டின் முன்வாசலுக்கு நேரே இன்று சீமெந்துச் சுவர் நிற்கின்றது.

அப்போது மக்கள் முதலில் செல்லுமிடம் மாநகர சபை அல்லது பிரதேச சபை அலுவலகமே. "எனது வீட்டின் காட்சியை மறைத்து அயலவர் கட்டுகின்றார், சபை அதனைத் தடுத்து நிறுத்த வேண்டும்" என்பதே முறைப்பாட்டின் சாரம். அயலவர் இருவரும் ஒரே கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ செல்பவர்களாக இருப்பினும் பேச்சுவார்த்தை அற்றுப்போய்விடுகின்றது. சபையால் இதில் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பது குறித்து இரு தரப்பினருமே தவறான எண்ணத்துடன் இருப்பதுதான் பெரும்பாலான பிணக்குகளை வளர்க்கின்றது.

கசப்பான விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. இலங்கைச் சட்டத்தின்படி, தமது வீட்டிலிருந்து தெரியும் காட்சியை அயலவர் மறைக்காதிருக்க வேண்டும் என்று கோரும் உரிமை எவருக்கும் இயல்பாகக் கிடையாது. எத்தனை ஆண்டுகள் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதாலும் அவ்வுரிமை உருவாகாது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பத்து ஆண்டுகள் தடையின்றி ஒரு பாதையைப் பயன்படுத்தியவர் அப்பாதைமீது உரிமை கோரலாம். அவர் அயலவரின் காணிக்குள் நடந்திருக்கின்றார். அயலவர் அதனைத் தடுத்திருக்கலாம், ஆனால் தடுக்கவில்லை. தனது ஜன்னல் வழியே மலையைப் பார்ப்பவரோ அயலவரின் காணிக்குள் எதனையும் செய்யவில்லை. தடுப்பதற்கு அங்கே எதுவுமே இல்லாதபோது, தடுக்காமல் விட்டதனால் உரிமை பிறந்தது என்று வாதிட இயலாது.

காட்சியுரிமையைப் பெறுவதற்கு ஒரு வழி உண்டு. அயலவர் சம்மதித்து, தமது காணியில் இன்ன உயரத்திற்கு மேல் கட்டுவதில்லை என நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதிக் கொடுத்து, அது காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். காணி தொடர்பான எந்த உரிமையும் நொத்தாரிசு உறுதி மூலமே கைமாற வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் விதித்த நியதி. தேநீர் குடித்துக்கொண்டே கொடுத்த வாய் வாக்கு, காணி இன்னொருவருக்கு விற்கப்பட்ட நாளில் பெறுமதியற்றுப் போகும்.

இந்த நியதிகளின் மூலம் உரோம-டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தர் ஒருநாளும் ஆளாத பதுளையில் அவர்களின் சட்டம் எவ்வாறு வந்தது என்ற கேள்வி நியாயமானது. 1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், கண்டியச் சட்டம் மௌனமாக இருக்கும் விடயங்களில் கரையோர மாகாணங்களின் சட்டமே செல்லும் என 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்தது. அதன் வழியாகவே உரோமாபுரியின் நியதிகள் ஊவா மலைகளை வந்தடைந்தன. தேசவழமை வடபகுதித் தமிழருக்குரியது. மலையகத் தமிழருக்கு அது பொருந்தாது. முஸ்லிம்களுக்கான தனியார் சட்டம் திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை போன்றவற்றோடு நின்றுவிடுகின்றது. ஆகவே சுவர், ஜன்னல், கான், எல்லை வேலி ஆகியவற்றில் பதுளையின் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் அனைவருக்கும் சட்டம் ஒன்றே.

உரோமச் சட்டம் எக்காலத்திலும் காட்சியை அலட்சியம் செய்தது என்று கூறிவிடவும் முடியாது. ஐந்தாம் நூற்றாண்டில் கொன்ஸ்தாந்திநோபிளை ஆண்ட சீனோ பேரரசன், புதிதாகக் கட்டுவோர் அயல்வீட்டிலிருந்து 12 அடி இடைவெளி விடவேண்டும் என்றும், 100 அடி தூரத்திற்குள் அயலவரின் நேரான கடற்காட்சியை மறைக்கக்கூடாது என்றும் விதித்தான். 100 அடிக்கு அப்பால் மறைப்பதற்குத் தடையில்லை. நெருக்கமான தலைநகரொன்றுக்கு அரசு வகுத்த நகர விதி அது. அயலவரின் பிறப்புரிமையாக அது கருதப்படவில்லை. இந்த வேறுபாடே நமது விடயத்திற்கும் திறவுகோலாகும்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இன்னுமொரு ஒப்பீடு சுவையானதாக இருக்கும். உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா என்னும் சட்டக்கோவை, ஹனபி மத்ஹபின் அடிப்படையில் அயலவர் தகராறுகளை விரிவாக ஆராய்ந்துள்ளது. காற்றையோ காட்சியையோ மறைப்பது பெருந்தீங்கு ஆகாது. வெளிச்சத்தை முற்றாக அடைப்பதே பெருந்தீங்கு என்பது அதன் 1201 ஆவது உறுப்புரையின் நிலைப்பாடு. அடுத்த உறுப்புரையோ, சமையலறை, கிணற்றடி, முற்றம் போன்று பெண்கள் புழங்கும் இடங்கள் அயல்வீட்டிலிருந்து தெரியும்படி ஜன்னல் திறப்பதைப் பெருந்தீங்காகக் கொண்டு, மறைப்புச் சுவர் எழுப்புமாறு பணிக்கின்றது. அதாவது, நான் வெளியே பார்ப்பதற்கான உரிமையைவிட, பிறர் என்னைப் பார்க்காதிருப்பதற்கான உரிமையே அங்கு மேலாகக் கருதப்பட்டது. இச்சட்டக்கோவை இலங்கையில் ஒருபோதும் நடைமுறையில் இருந்ததில்லை. எனினும் குருத்தலாவையிலோ சில்மியாபுரவிலோ பதுளை நகரின் நெருக்கமான வீதிகளிலோ எழும் பிணக்குகளில், மலை மறைந்துவிட்டது என்பதைவிட மேல்மாடி ஜன்னல் நமது கிணற்றடியைப் பார்க்கின்றது என்பதே மனத்தை அதிகம் புண்படுத்துகின்றது. தமிழ்க் குடும்பங்களிலும் இதுதான் நிலைமை.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளையும் தொலைக்காட்சிகளையும் பார்த்து, 20 ஆண்டுகள் ஜன்னல் இருந்தால் வெளிச்சத்துக்கு உரிமை வந்துவிடும் என்று நம்புவோரும் நம்மிடையே உளர். அது 1882 ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், இங்கே செல்லாது.

இனி, சட்டம் கைவிடாத விடயங்களைப் பார்ப்போம். காட்சிக்கு இயல்பான உரிமை தராத அதே உரோம-டச்சுச் சட்டம், மண்ணுக்கு அதனைத் தருகின்றது. ஒருவரின் காணியை அயற்காணி இயற்கையாகவே தாங்கி நிற்கின்றது. அந்தத் தாங்குதலை அயலவர் மண்வெட்டியாலோ இயந்திரத்தாலோ அகழ்ந்து அகற்றக்கூடாது. மேற்காணியிலிருந்து இயற்கையாக வழிந்துவரும் மழைநீரைக் கீழ்க்காணிக்காரர் ஏற்றேயாக வேண்டும். ஆயின் மேற்காணிக்காரர் கூரைப் பீலிகளையும் கான்களையும் ஒன்றுசேர்த்து ஒரே இடத்தில் கொட்டச் செய்து அச்சுமையைப் பெருக்குவதற்கு உரிமை அற்றவர். மலைச்சரிவில் வாழும் நமக்கு இவ்விரண்டும் காட்சியைவிடப் பன்மடங்கு பெறுமதியானவை. ஆனால் முறைப்பாடுகளில் இவை கடைசி வரியில் வருகின்றன, அல்லது வருவதேயில்லை. அயலவர் மாடி எழுப்பும்போது அண்ணாந்து பார்த்துக் கோபிக்கும் நாம், அவர் அத்திவாரத்திற்காக நமது எல்லையோரத்தில் பத்தடி மண்ணைச் செங்குத்தாக வெட்டியபோது குனிந்து பார்க்கத் தவறிவிடுகின்றோம்.

உள்ளூராட்சி விதிகள் வருவது இங்கேதான். 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, உள்ளூராட்சி மன்றத் தலைவர் எழுத்தில் அங்கீகரித்த வரைபடத்திற்கு அமையவன்றி எவரும் கட்டடம் கட்டலாகாது. கட்டிமுடித்த பின்னர் இணக்கச் சான்றிதழ் பெறாமல் அதில் குடியேறவும் கூடாது. மீறினால் நீதவான் நீதிமன்றம் தண்டம் விதிக்கவும் இடித்தகற்றுமாறு கட்டளையிடவும் முடியும். நகர அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் சேர்ந்து இயங்குகின்றது. அங்கு அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் தேவை. அதனை வழங்கும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்திடமே கையளிக்கப்பட்டிருக்கும். விண்ணப்பங்களைத் திட்டமிடல் குழு பரிசீலிக்கும். இவ்வதிகார சபையின் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள் 2021 ஜூலையில் புதிதாக வெளியிடப்பட்டன.

வலயம் என்ற சொல் மக்களை மிரட்டுகின்றது. பொருள் எளிதானது. எந்தப் பகுதியில் வீடு, எந்தப் பகுதியில் கடை, எங்கே விடுதி, எங்கே ஒன்றும் கட்டலாகாது என்று வரைபடத்தில் பிரிப்பதே வலயப்படுத்தல். அதனோடு இணைந்து வருபவை: காணியில் எவ்வளவு பங்கை மூடலாம், எவ்வளவு உயரம் எழுப்பலாம், வீட்டின் பின்புறம் எவ்வளவு இடம் விடவேண்டும், ஜன்னல் வைக்கும் பக்கத்தில் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பன. இந்த அளவுகளில் எதுவும் காட்சியைக் காப்பதற்காக எழுதப்பட்டதன்று. வெளிச்சம், காற்று, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவையே நோக்கம். என்றாலும் நடைமுறையில் அயலவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பாதுகாப்பு இவைதான். ஆகவே சபைக்குச் செல்பவர் "எனது காட்சி போகின்றது" என்று முறையிட்டால் கோப்பு அத்துடன் மூடப்படும். "பின்புற இடைவெளி விடப்படவில்லை, எல்லைச் சுவரிலேயே ஜன்னல் திறக்கப்பட்டுள்ளது, அங்கீகரித்த வரைபடத்தில் இல்லாத மாடி எழும்புகின்றது" என்று எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து பார்க்கவேண்டிய கடமை எழுகின்றது.

ஆனால் அங்கீகரித்த வரைபடத்தில் என்ன இருக்கின்றது என்று அயலவருக்கு எப்படித் தெரியும்? சாதாரண வீடொன்றுக்கான விண்ணப்பம் கிடைத்தவுடன் அயலவருக்கு அறிவித்தல் அனுப்பும் வழக்கம் பொதுவாக இல்லை. சுவர் தலைக்குமேல் வந்த பிறகே விடயம் தெரியவருகின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இதற்கு ஓரளவு பரிகாரம் தந்துள்ளது. ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் தகவல் உத்தியோகத்தரை நியமித்திருக்க வேண்டும். அனுமதி வழங்கப்பட்டதா, எத்தனை மாடிக்கு, எந்த நிபந்தனைகளுடன் என்று அவரிடம் கேட்கலாம். சபை விதிகளுக்கு முரணாக அனுமதி அளித்திருந்தால், அம்முடிவை நீக்கக் கோரி எழுத்தாணை மனுத் தாக்கல் செய்ய வழியுண்டு.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் குறிப்பிடாமல் விடமுடியாது. அனுமதியின்றிக் கட்டிமுடித்த பின்னர், மேலதிகக் கட்டணம் செலுத்தி அதனை முறைப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. விதிக்கு அமைவாகக் கட்டியும் விண்ணப்பிக்கத் தவறிய ஏழைக்கு இது தேவையான சலுகை. விதியை மீறிக் கட்டியவருக்கும் அதே கதவு திறக்குமாயின், வலய விதி வெறும் விலைப்பட்டியலாகிவிடும் என்பதே எமது கருத்து.

அவ்வாறான கதவு எவ்வளவு தூரம் திறக்கக்கூடும் என்பதற்கு மற்றொரு மலைநகரமான கொடைக்கானல் சான்று. அங்கே இரு மாடிகளுக்கு மேல் கட்டக்கூடாதென்ற விதி இருக்க, பிளசன்ட் ஸ்டே என்னும் விடுதி ஏழு மாடிகளாக எழுந்தது. 1994 இல் தமிழ்நாடு அரசு அதற்கு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடர்ந்தது. 1995 இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிவிலக்கை இரத்துச் செய்தது, உச்ச நீதிமன்றமும் விடுதியின் மேன்முறையீட்டை ஏற்கவில்லை. விதிவிலக்கு அளித்தமை தொடர்பான குற்றவியல் வழக்கில் ஜெயலலிதா 2000 பெப்ரவரியில் தண்டிக்கப்பட்டதும், 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டதும் வாசகர்கள் நினைவில் இருக்கும். அவ்வழக்கில் வென்றவர்கள் தமது ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சிக்காக வாதாடவில்லை. எல்லோருக்கும் பொதுவான விதிக்காக வாதாடினர். நமது நாட்டிலும், காலிமுகத்திடலைத் தனியார் நிறுவனமொன்றின் கேளிக்கை வளாகமாக மாற்றும் ஏற்பாடு 2005 இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது, அத்திடல் பொதுமக்களுக்குரியது என்ற அடிப்படையிலாகும்.

நமது மாவட்டத்தில் எல்ல இதற்கான சோதனைக்களமாக உள்ளது. அங்கு காட்சி ஒரு வியாபாரப் பண்டம். எல்லக் கணவாயும் ஒன்பது வளைவுப் பாலமும் தெரியும் அறைக்கு ஒரு விலை, தெரியாத அறைக்கு இன்னொரு விலை. முன்னால் இருப்பவர் ஒரு மாடி உயர்த்தினால் பின்னால் இருப்பவர் இரண்டு மாடி உயர்த்துகின்றார். ஒவ்வொரு மாடியின் பாரமும் இறங்குவது ஒரே சரிவின்மீதுதான்.

சரிவுகளைப் பற்றி நமக்கு அறிவிப்பு இல்லாமலில்லை. மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கும் பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே முதலில் தொடங்கியது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன்னர் அந்நிறுவனத்தின் சிபாரிசு பெறப்பட வேண்டும் என்ற சுற்றறிக்கை 2011 இல் வந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டன. அம்மக்களை இடம்பெயரச் சொல்லி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரித்தவர்கள் மாற்றுக் காணி காட்டியிருக்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் சரிவு லயன்களைத் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று.

லயன்களில் வாழ்ந்தோருக்கு இந்த விதிகளில் எது பொருந்தியது என்பது தனிக்கதை. தோட்டக் காணி அரச கூட்டுத்தாபனங்களுக்கு உரியது. 1992 இன் பின் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் வந்தது. நான்கைந்து தலைமுறைகளாக ஒரே அறையில் வாழ்ந்தவருக்கும் காணி சொந்தமில்லை. காட்சி, வெளிச்சம், பாதை ஆகிய உரிமைகள் யாவும் காணிச் சொந்தக்காரருக்கே சட்டத்தில் பிறக்கின்றன. ஆகவே லயத்தின் முன்னால் யார் எதைக் கட்டினாலும் குடியிருப்பாளர் வழக்காட அடிப்படையே இருக்கவில்லை. இஸ்தோப்பை நீட்டவும் தோட்டத் துரையின் சம்மதம் வேண்டும். பிரதேச சபைக்கு வாக்களித்தாலும், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்ட பின்னரே அந்தத் தடை நீங்கியது. அதன்பின்னும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை உள்ளூராட்சி மன்றங்களில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை.

இப்போது நிலைமை மாறத் தொடங்கியுள்ளது. லயத்திலிருந்து தனிவீட்டுக்குச் செல்லும் குடும்பங்களுக்கு 7 பேர்ச் என்ற அளவு சில ஆண்டுகளாகப் பேசப்பட்டும் வழங்கப்பட்டும் வந்துள்ளது. இந்திய உதவியுடனான வீட்டுத் திட்டத்தின் பயனாளிகளுக்கு 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் உரிமைப் பத்திரங்கள் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. அதில் வீட்டுக்கு 550 சதுர அடி போக எஞ்சுவதில் பாதை, கான், மலசலகூடக் குழி, வெட்டிய மண்ணைத் தாங்கும் சுவர் அனைத்தும் அடங்க வேண்டும். மகன் திருமணமானதும் மேலே ஒரு தட்டு எழும். பதுளை நகரத்தார் நூறு ஆண்டுகளாகப் படும் பிணக்குகள் அனைத்தும் இவ்வீட்டு வரிசைகளுக்கு ஒரு தலைமுறைக்குள் வந்துசேரும். அப்போது யாருடைய அனுமதி தேவை, தோட்ட நிர்வாகத்தினதா பிரதேச சபையினதா என்ற குழப்பம் எழுந்தால், இரு அலுவலகங்களும் மற்றதைக் கைகாட்டுவதற்கே வாய்ப்பு அதிகம். உரிமைப் பத்திரம் வழங்கும்போதே இதற்கு எழுத்தில் விடை இருக்க வேண்டும்.

பிணக்கு ஏற்கெனவே முற்றிவிட்டவர்களுக்கு ஓரிரு குறிப்புகள். கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, திகதியுடன் எடுத்த புகைப்படங்களோடு சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுவது, வேலை முடிந்தபின் வழக்கறிஞரைத் தேடுவதைவிடப் பயன்தரும். சரிவு வெட்டப்பட்டிருந்தால் அதன் பிரதி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திற்கும் செல்லவேண்டும். காணி, எல்லை, பாதை தொடர்பான தகராறு கைகலப்பாகும் நிலை வந்தால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆவது பிரிவின் கீழ்ப் பொலிஸார் விடயத்தை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கலாம். பொலிஸ் பொறுப்பதிகாரி தாமே தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. ஜன்னல் தொடர்பான பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபையே மிகப் பொருத்தமான இடம். மங்கலான கண்ணாடி பதிப்பது, ஜன்னலைத் தோளுயரத்துக்கு மேல் வைப்பது, மறைப்பு எழுப்பும் செலவைப் பங்கிடுவது போன்ற தீர்வுகளை எந்த நீதிமன்றமும் அங்கு கிடைப்பதுபோல் எளிதில் தராது.

தோட்டங்களில் புதிய வீட்டுத் தொகுதிகளுக்கும், சூறாவளியில் வீடிழந்தோரின் மீள்குடியேற்றத்திற்கும் நிலஅளவையாளர்கள் கோடு கிழிக்கும் காலமிது. ஒவ்வொரு துண்டின் எல்லையும், பொதுப் பாதையும், பொதுக் கானும், கட்டக்கூடிய உயரமும் அந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டு, தமிழிலும் சிங்களத்திலும் தோட்ட அலுவலகத்திலும் பிரதேச சபையிலும் மக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். 2025 இல் பதவியேற்ற உறுப்பினர்களிடம் பயனாளிகள் இப்போதே கேட்கவேண்டியது அந்த வரைபடத்தின் பிரதியை.